சரக்கு போய்விட்டது, பணம் வரவில்லை: சொத்தைப் பிடிக்கச் சட்டத்தில் வழி உண்டா?

ஆற்காட்டிலிருந்து வேலூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது மேல்விஷாரம். தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன ஊர். 2019-இல் வேலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது ராணிப்பேட்டை மாவட்டத்தில் சேர்ந்தது. இதைச் சுற்றியுள்ள கிராமங்களில் நெல்லையும் வேர்க்கடலையையும் மட்டுமே நம்பிக் காலம் தள்ளும் சிறு விவசாயிகள் குறைந்து வருகிறார்கள். டிராக்டர் வைத்திருப்பவர் அதை வாடகைக்கு ஓட்டுகிறார். கிணற்றில் தண்ணீர் இல்லாத கோடையில் செங்கல் அறுத்துச் சூளை போடுகிறார். மேட்டு நிலத்தில் சவுக்கு வைத்தவர் கட்டட வேலைக்குக் கழி கொடுக்கிறார். இந்தச் சரக்கும் உழைப்பும் போய்ச் சேருவது பெரும்பாலும் டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும், ஊரில் புதிதாக எழும்பும் வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும்தான். ரொக்கத்துக்கு நடப்பது கொஞ்சம். கடனுக்கு நடப்பதே அதிகம்.

உதாரணமாக ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். சாலையோரத்தில் ஒரு கொட்டகை கட்டுகிற மேஸ்திரிக்கு இவர் 20,000 செங்கல் கொடுக்கிறார். கல் ஒன்று 9 ரூபாய் வீதம் மொத்தம் 1,80,000 ரூபாய். முன்பணமாக 60,000 ரூபாய் வந்தது. மீதி 1,20,000 ரூபாய்க்கு "ஓனர்கிட்டேயிருந்து பில் வரட்டும்ண்ணே, மொத்தமா தந்துடறேன்" என்கிறார் மேஸ்திரி. ஆறு மாதம் ஆகிறது. கொட்டகை எழும்பிவிட்டது. தினமும் அந்த வழியாகத்தான் விவசாயி வயலுக்குப் போகிறார். தன் கல் அந்தச் சுவரில் கண்ணெதிரே நிற்கிறது. அந்தச் சுவரின் மீது, அது நிற்கும் மனையின் மீது, தனக்கு ஏதாவது பிடிமானம் உண்டா என்பது அவர் கேள்வி.

இல்லை என்பதுதான் நேரான பதில். ஆனால் கல் சுவரில் ஏறுவதற்கு முன்பு பிடிமானம் இருந்தது. அதை அவர் அறியாமலே கைநழுவ விட்டுவிட்டார்.

பற்றுரிமை என்றால் என்ன?

தனக்கு வரவேண்டிய பணம் வந்து சேரும்வரை பிறருடைய பொருளைத் திருப்பித் தராமல் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத் தமிழில் பற்றுரிமை என்கிறார்கள். பொருள் கையில் இருக்கும்வரைதான் இந்த உரிமை. கையை விட்டுப் போனால் உரிமையும் போய்விடும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. கட்டடத்துக்கு மரமும் கல்லும் கொடுத்தவருக்கும், அதில் உழைத்த கொத்தனாருக்கும் தச்சருக்கும் அந்தக் கட்டடத்தின் மீதும் நிலத்தின் மீதும் உரிமை கொடுக்கும் சட்டம் அங்கே 1791-இலேயே மேரிலாந்து மாநிலத்தில் வந்தது. புதிய தலைநகரான வாஷிங்டனைக் கட்டி எழுப்பும் சமயம் அது. கடனுக்கு வேலை செய்ய ஆள் வரவேண்டும் என்றால் அவர்களுக்கு ஏதாவது உத்தரவாதம் வேண்டும் என்று நினைத்தார்கள். பிறகு மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. குறிப்பிட்ட கெடுவுக்குள் பதிவு செய்தால், மேஸ்திரி ஏமாற்றினாலும் கட்டடச் சொந்தக்காரர் அந்தப் பாக்கியைத் தீர்க்காமல் சொத்தை வில்லங்கமின்றி விற்க முடியாது.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. செங்கல் சுவரில் ஏறிவிட்டால் அது கட்டடத்தோடு சேர்ந்துவிட்டது. கட்டடம் நிலத்தோடு சேர்ந்துவிட்டது. கொடுத்தவர் கடன்காரர்களில் ஒருவராக வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த வரிசையிலும் முன்னால் நிற்பது பெரும்பாலும் வங்கி. தொழிற்சாலைக் கட்டடங்களில் பல, கட்டும்போதே வங்கிக்கு அடமானமாகி இருக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. விவசாயி கல் கொடுத்தது மேஸ்திரிக்கு. ஒப்பந்தம் அவர்கள் இருவருக்கும் இடையில்தான். சொந்தக்காரர் "நான் மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், பொதுவாக அவர் மீது வழக்குப் போட இடமில்லை. ஆகவே பெரிய தொகைக்குச் சரக்கு அனுப்பும் முன் சொந்தக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மேஸ்திரி கொடுக்கத் தவறினால் இன்ன தொகை வரை தான் பொறுப்பு என்று அவர் கையெழுத்திட்டிருந்தால், 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி அவர் ஜாமீன்தாரர் ஆகிறார். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் கல் கேட்டு வரும்போது சொந்தக்காரருக்கு இருக்கும் அவசரம், கொட்டகை எழும்பிய பிறகு இருக்காது.

சரக்கு கையில் இருக்கும்போது

1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் பணம் கிடைக்காத விற்பனையாளருக்கு மூன்று முக்கிய உரிமைகளைத் தருகிறது. விவசாயிகள் பலருக்கு இது தெரியாது. விளைபொருளோ, செங்கல்லோ, சவுக்குக் கழியோ, விற்ற சரக்கு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

முதலாவது, 47-ஆவது பிரிவு சொல்லும் பற்றுரிமை. விலை பேசி முடிந்து, சரக்கு வாங்குபவருக்குச் சொந்தமாகிவிட்டாலும், அது இன்னும் விற்பவர் களத்திலேயோ சூளையிலேயோ இருந்தால், பணம் வரும்வரை கொடுக்க மறுக்கலாம். கடன் தவணை எதுவும் பேசாமல் விற்றிருந்தாலோ, பேசிய தவணை முடிந்துவிட்டாலோ, வாங்கியவர் நொடித்துப் போனாலோ இந்த உரிமை பிறக்கும். நொடித்துப் போவது என்றால் கோர்ட்டில் திவாலாக அறிவிக்கப்பட வேண்டும் என்பதில்லை. வழக்கமாகக் கொடுக்க வேண்டிய கடன்களைக் கொடுப்பதை நிறுத்திவிட்டாலே சட்டத்தின் பார்வையில் அவர் நொடித்தவர்தான்.

பாதிச் சரக்கு போய்விட்டாலும் மீதியைப் பிடித்து வைக்கலாம் என்பது இதில் கவனிக்க வேண்டிய விஷயம். மேலே சொன்ன விவசாயி இருபதாயிரம் கல்லையும் ஒரே மூச்சில் அனுப்பாமல், முதல் ஐயாயிரத்துக்குப் பணம் வந்த பிறகு அடுத்த ஐயாயிரம் என்று அனுப்பியிருந்தால், எந்தச் சமயத்திலும் அவருக்குச் சேரவேண்டிய பாக்கி 45,000 ரூபாயைத் தாண்டியிருக்காது. இதற்கு வக்கீலும் வேண்டாம், கோர்ட்டும் வேண்டாம்.

இரண்டாவது, வழிமறிக்கும் உரிமை. சரக்கு லாரியில் ஏறிவிட்டது. வாங்கியவர் நொடித்துவிட்டார் என்று செய்தி வருகிறது. சரக்கு அவர் கைக்குப் போய்ச் சேருவதற்குள், லாரிக்காரருக்கோ பார்சல் ஆபீசுக்கோ தெரிவித்து நிறுத்திவிடலாம். திருப்பிக் கொண்டுவரும் செலவு விற்றவருடையது. வாங்கியவருடைய சொந்த வண்டியில் சரக்கு ஏறியிருந்தால் இந்த உரிமை இல்லை. அது அவர் கைக்குப் போய்விட்டதாகவே கணக்கு. வெளியூர் வியாபாரி தன் லாரியை அனுப்பித் தேங்காயோ கழியோ ஏற்றிச் செல்லும்போது இதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது, மறுபடி விற்கும் உரிமை. பிடித்து வைத்த சரக்கை எத்தனை நாள் காவல் காப்பது? தக்காளி, கத்தரி, பூ போன்ற அழுகும் பொருளானால் நியாயமான அவகாசத்துக்குப் பிறகு வேறொருவருக்கு விற்றுவிடலாம். செங்கல், கழி போன்றவற்றுக்கு முதலில் வாங்கியவருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பணம் வராவிட்டால் விற்கலாம். குறைந்த விலைக்குப் போனால் அந்த நஷ்டத்தை முதலில் வாங்கியவரிடம் கேட்கலாம். நோட்டீஸ் கொடுக்காமல் விற்றால் நஷ்டத்தைக் கேட்க முடியாது. அதிக விலை கிடைத்திருந்தால் அந்த லாபத்தையும் அவர் கேட்பார். இன்லாண்டு கவர் மாதிரி சாதாரணமாக அனுப்பாமல், ரசீதோடு கூடிய தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும்.

கூலி வேலைக்கும் உண்டு

தோல் வட்டாரத்தில் கூலிக்குப் பதனிடும் வழக்கம் நிறைய. தோல் ஒருவருடையது; சுண்ணாம்புத் தொட்டியும் டிரம்மும் ஆட்களும் வேறொருவருடையவை. பெரிய வியாபாரி பச்சைத் தோலைக் கொடுப்பார். சின்னத் தொழிற்சாலை பதனிட்டுத் தரும். ஜாப் ஒர்க் என்று இதற்குப் பெயர். ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு இவர்களுக்கு உதவுகிறது. ஒரு பொருளை வாங்கி அதில் தன் உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர், கூலி வரும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம். சட்டத்திலேயே ஓர் உதாரணம் தந்திருக்கிறார்கள்: வைரத்தை அறுத்து மெருகேற்றித் தரும் நகைத் தொழிலாளி கூலி வாங்கும்வரை வைரத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது உதாரணம் அதைவிட முக்கியம். தைத்து முடித்ததும் கோட்டைக் கொடுத்துவிடுவதாகவும், கூலிக்கு மூன்று மாதத் தவணை தருவதாகவும் ஒப்புக்கொண்ட தையற்காரருக்கு இந்த உரிமை கிடையாது. தானே தவணை கொடுத்தவர் பிறகு பிடித்து வைக்க முடியாது.

நெல்லை அரைத்துக் கொடுக்கும் மில்லுக்கும், கடலை ஆட்டும் செக்குக்கும், டிராக்டரைப் பழுது பார்க்கும் பட்டறைக்கும் இதே சட்டம்தான். ஆகவே இது விவசாயியின் பக்கம் மட்டும் வெட்டும் கத்தி அல்ல. பட்டறையில் என்ஜின் பிரித்து வேலை செய்த டிராக்டரை, கூலி தராமல் ஓட்டிச் செல்ல விவசாயிக்கு உரிமையில்லை. ஆனால் பட்டறைக்காரர் இந்த முறை செய்த வேலைக்குத்தான் வண்டியைப் பிடிக்கலாமே ஒழிய, போன வருஷத்துப் பழைய பாக்கிக்காக அல்ல. பழைய பாக்கிக்கும் சேர்த்துப் பிடித்து வைக்கும் பொதுப் பற்றுரிமையை 171-ஆவது பிரிவு வங்கிகள் முதலிய சிலருக்கு மட்டும் தருகிறது. நகைக் கடனை முழுக்க அடைத்த பிறகும், பயிர்க் கடன் பாக்கி இருக்கிறது என்று சொல்லி வங்கியில் நகையைத் தர மறுக்கும்போது, பேச்சுக்கு வருவது இந்தப் பிரிவுதான். நகை அடகு வைக்கும்போது கையெழுத்து வாங்கும் தாளில் இதற்கு இடம் கொடுக்கும் வாசகம் இருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது அவசியம்.

நிலத்தை விற்றவருக்குத் தனிச் சலுகை

மேல்விஷாரம் பக்கத்தில் நெடுஞ்சாலையை ஒட்டிய நிலங்கள் தொழிற்சாலைக்கும் மனைக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. விற்பவர்களில் பலர் சிறு விவசாயிகள். செங்கல் கொடுத்தவருக்குக் கட்டடத்தின் மீது இல்லாத உரிமை, நிலத்தை விற்றவருக்கு அந்த நிலத்தின் மீது உண்டு. 1882-ஆம் வருஷத்து சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவில் இதைச் சொல்கிறது. முழு விலையும் வருவதற்கு முன் நிலம் வாங்குபவர் பெயருக்கு மாறிவிட்டால், பாக்கித் தொகைக்கு அந்த நிலமே பொறுப்பு. சுவாதீனம் கொடுத்த நாளிலிருந்து வட்டியும் கேட்கலாம். வாங்கியவர் அதை மகனுக்குத் தானமாக எழுதினாலும், பாக்கி இருப்பது தெரிந்த வேறொருவருக்கு விற்றாலும் அந்தப் பொறுப்பு நிலத்தோடு கூடவே போகும். இதைக் கொண்டு வழக்குப் போடப் பன்னிரண்டு வருஷம் வரை அவகாசம் உண்டு.

இவ்வளவு வலுவான உரிமையைப் பலர் ஒரே வரியில் இழந்துவிடுகிறார்கள். கிரயப் பத்திரத்தில் "கிரயத் தொகை முழுவதும் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதியிருக்கும். பாதிப் பணம் பிறகு தருவதாக வாய்ச் சொல். பத்திரம் எழுதுபவர் வழக்கமான வாசகத்தைப் போட்டுவிடுகிறார். விவசாயி கையெழுத்துப் போடுகிறார். பிறகு கோர்ட்டில் நின்று, அந்த வரி பொய் என்று தன் கையெழுத்துக்கு எதிராகத் தானே நிரூபிக்க வேண்டியிருக்கும். நிலத்தை மூன்றாமவர் வாங்கியிருந்தால், அவர் அந்த வரியைக் காட்டி, பாக்கி இருப்பது எனக்குத் தெரியாது என்பார். வழக்கு அங்கேயே சாய்ந்துவிடும்.

எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதிக்குள் தரவேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதினால் போதும். வில்லங்கச் சான்று எடுப்பவர், பத்திர நகல் பார்ப்பவர் எல்லோருக்கும் அது தெரிந்துவிடும். அதற்குப் பிறகு வாங்குகிறவர் தெரியாது என்று சொல்ல முடியாது. இப்படி எழுத வாங்குபவர் சம்மதிக்காவிட்டால், ரிஜிஸ்திரார் ஆபீஸ் படி ஏறுவதை முழுப் பணம் வரும்வரை தள்ளிப் போடுவதே மேல்.

நிலம் விற்காதவரும் நிலத்தைப் பிடிமானமாகப் பெற ஒரு வழி உண்டு. பெரிய தொகைக்குத் தொடர்ந்து சரக்கு கொடுப்பவர், வாங்குபவரின் ஏதாவது ஒரு சொத்தை அடமானமாக எழுதி வாங்கலாம். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சாதா அடமானம் என்றால் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவுச் செலவு உண்டு. ஆகவே பத்தாயிரம், இருபதாயிரத்துக்கு இது கட்டுபடியாகாது. லட்சக்கணக்கில் போகும்போது யோசிக்க வேண்டிய விஷயம். முன்னதாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, வங்கி அடமானம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாம் கைமீறிய பிறகு

சரக்கும் போய், எழுத்தும் இல்லாத நிலையில் செங்கல் விவசாயிக்கு என்ன வழி? முதலில் காலக்கெடு. 1963-ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டப்படி, சரக்கு விலைக்கோ வேலைக் கூலிக்கோ மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தவணை பேசாவிட்டால் சரக்குக் கொடுத்த நாளிலிருந்து கணக்கு. தவணை பேசியிருந்தால் அது முடிந்த நாளிலிருந்து. இந்த மூன்று வருஷத்துக்குள் கடன்காரர் "இன்ன தொகை பாக்கி உள்ளது" என்று எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று வருஷம் ஓட ஆரம்பிக்கும். கொஞ்சம் பணம் கொடுத்து, கொடுத்ததைத் தன் கையால் எழுதினாலும் அப்படியே. ஆகவே பாக்கிக்காரர் ஐயாயிரம் ரூபாயை நீட்டும்போது வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடக் கூடாது. கணக்கு நோட்டில் தேதியோடு அவரையே எழுதச் சொல்ல வேண்டும். தானே குறித்துக்கொள்ளும் வரவுக்குக் கோர்ட்டில் இந்த மதிப்பு இல்லை.

செக் கொடுத்து அது பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இருக்கிறது. இதில் நாட்கள் மிக முக்கியம். செக் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பியதாகச் செய்தி வந்த முப்பது நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தர வேண்டும். இரண்டு வருஷம் வரை சிறையோ, செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ விதிக்கலாம். 2018-இல் வந்த திருத்தப்படி, எதிரி குற்றத்தை ஒப்புக்கொள்ளாதபோது, வழக்கு முடிவதற்கு முன்பே செக் தொகையில் 20 சதவிகிதம் வரை இடைக்கால நஷ்டஈடு தரச் சொல்லவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. சொத்தைப் பிடிக்கும் வழி அல்ல இது. ஆனால் சிவில் வழக்கைக் காட்டிலும் பாக்கிக்காரர்கள் இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள்.

சிவில் வழக்குப் போடும்போது, தீர்ப்புக்கு முன்பே எதிரியின் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தில் 38-ஆவது கட்டளை, 5-ஆவது விதி. கேட்டவருக்கெல்லாம் இது கிடைக்காது. கடனைத் தீர்க்காமல் ஏமாற்றும் எண்ணத்தோடு எதிரி சொத்தை விற்கவோ, சரக்கையும் மெஷினையும் கோர்ட்டு எல்லைக்கு வெளியே கடத்தவோ முயலுகிறார் என்று காட்ட வேண்டும். பிடிமானமில்லாத கடனைப் பிடிமானமுள்ள கடனாக மாற்றிக்கொள்ள இந்த விதியைப் பயன்படுத்தக் கூடாது என்று ராமன் டெக் என்ற வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆகவே "கம்பெனியை விற்கப்போகிறார்களாம்" என்ற ஊர்ப் பேச்சு போதாது. விலை பேசியவர் யார், எந்த லாரியில் எந்த மெஷின் போனது என்று சொல்லத் தெரிய வேண்டும். ஜப்தி கிடைத்தாலும் அதற்கு முந்திய வங்கி அடமானம் முந்தியதுதான்.

இதே கட்டளையில் விவசாயிகளுக்கு ஆறுதலான ஒரு விதியும் இருக்கிறது. விவசாயியின் கையில் இருக்கும் விளைபொருளைத் தீர்ப்புக்கு முன் ஜப்தி செய்யும்படி யாரும் கேட்க முடியாது. தீர்ப்புக்குப் பிறகுங்கூட, உழவுக்கு வேண்டிய கருவிகள், மாடுகள், விதைத் தானியம், அவர் குடியிருக்கும் வீடு ஆகியவற்றுக்கு 60-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கடன் வாங்கியவராக நிற்கும்போது இது உதவும்.

சூளையோ, மில்லோ, கூலிப் பதனிடும் தொழிலோ நடத்துபவர்கள் உத்யம் பதிவு செய்திருந்தால் இன்னொரு கதவும் திறக்கும். 2006-ஆம் வருஷத்துச் சிறு தொழில் சட்டப்படி, வாங்குபவர் ஒப்பந்தத்தில் எழுதிய நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டி. வசூலிக்க மாநில அரசின் வசதி மன்றத்துக்கு மனுச் செய்யலாம். மன்றத்தின் உத்தரவை எதிர்த்து வாங்கியவர் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவிகிதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். பணம் நின்ற பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்குப் பயன்படாமல் போகலாம். சரக்குக் கொடுக்கும் முன்பே பதிவு இருக்க வேண்டும். வெறும் பயிர்த் தொழில் செய்பவருக்கு இந்தச் சட்டம் எட்டாது.

கலெக்டர் வழியாக வசூல்

சில பாக்கிகளை மட்டும் நிலவரி பாக்கியைப் போலவே கலெக்டர் வசூலித்துத் தரலாம். 1864-ஆம் வருஷத்து வருவாய் வசூல் சட்டம் இதற்குப் பயன்படுகிறது. கோர்ட்டில் டிகிரி வாங்கக் காத்திருக்க வேண்டியதில்லை. அசையும் சொத்தையும் அசையாச் சொத்தையும் பிடித்து ஏலம் போடலாம். கரும்பு விவசாயிகளுக்கு 1966-ஆம் வருஷத்துக் கரும்பு கட்டுப்பாடு ஆணை இந்த வழியைக் காட்டியது. ஆலை 14 நாளுக்குள் பணம் தராவிட்டால் 15 சதவிகித வட்டி. அதற்கும் மசியாவிட்டால் கலெக்டருக்குச் சான்று அனுப்பி நிலவரி பாக்கியாக வசூல். செங்கல் கொடுத்தவருக்கு இல்லாத பலம் இது.

ஆனால் இந்தப் பலமான வழியிலும் பணம் எவ்வளவு மெதுவாக வந்து சேரும் என்பதற்கு, இதே தோல் வட்டாரத்து விவசாயிகளின் கதையே சான்று. டேனரிக் கழிவுநீர் பாலாற்றிலும் கிணறுகளிலும் கலந்ததால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே நஷ்டஈடு தர வேண்டும். தொகையை ஓர் ஆணையம் கணக்கிட வேண்டும். தேவைப்பட்டால் நிலவரி பாக்கியாகக் கலெக்டர் வசூலித்து விவசாயிகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். கொடுக்க மறுக்கும் தொழிற்சாலையை மூடலாம்.

பொருளும் கொடுக்காமல், கடனும் கொடுக்காமல், கெட்டுப்போன கிணற்றின் காரணமாகவே விவசாயிகள் கடன்கொடுத்தவர்களின் நிலைக்கு வந்தார்கள். அந்தப் பாக்கிக்குத் தொழிற்சாலைகளின் சொத்தையே பிடிக்கும் அதிகாரம் கலெக்டர் கையில் இருந்தது. இதைவிட வலுவான உத்தரவை எந்தச் செங்கல் வியாபாரியும் எதிர்பார்க்க முடியாது.

2001 மார்ச் 7-ஆம் தேதி ஆணையம் தன் முடிவைச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். பொறுப்பான தொழிற்சாலைகள் 547. மொத்த நஷ்டஈடு சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் சராசரி ஒருவருக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான். 2009 ஆகஸ்டில் இன்னொரு உத்தரவும் வந்தது. அதன் பிறகும் வழக்குகள் நீண்டன. 2025 ஜனவரி 30-ஆம் தேதி நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, இன்னும் நஷ்டஈடு கிடைக்காதவர்களுக்கு மாநில அரசே ஆறு வாரத்துக்குள் முதலில் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே இருபத்தெட்டு வருஷங்களுக்கு மேல். அப்போது நாற்பது வயதில் மனுக்கொடுத்தவர் இப்போது எழுபதை நெருங்கியிருப்பார்.

இந்த உத்தரவுகளில் பெயர் உள்ளவர்கள், அல்லது இறந்துபோன பெற்றோரின் பெயர் உள்ளவர்கள், பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் விசாரிப்பது நல்லது.

செலவுக்குப் பயந்தவர்களுக்கு

வக்கீல் செலவை நினைத்தே பலர் பாக்கியை விட்டுவிடுகிறார்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட மற்றும் பழங்குடி இனத்தவர், குறைந்த வருமானம் உள்ளவர்கள் ஆகியோர் இலவசமாக வக்கீல் உதவி பெறலாம். கோர்ட்டு வளாகத்தில் இயங்கும் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனுக்கொடுக்க வேண்டும். வழக்குப் போடுவதற்கு முன்பே லோக் அதாலத்துக்குக் கொண்டுபோகவும் இடமுண்டு. அங்கே இரு தரப்பும் ஒப்புக்கொண்டு எழுதும் முடிவு கோர்ட்டு டிகிரிக்குச் சமம். அதன் மீது அப்பீல் கிடையாது. நடப்பிலுள்ள வழக்கு அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

செங்கல் விவசாயி அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை: எந்தத் தேதியில் எத்தனை லோடு இறங்கியது என்று மேஸ்திரியின் ஆள் கையெழுத்திட்ட நோட்டு, 60,000 ரூபாய் முன்பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், டிராக்டர் டிரைவரின் பெயர், மேஸ்திரிக்கு அனுப்பிய நோட்டீஸின் நகலும் தபால் ரசீதும். செல்போனில் மேஸ்திரி "அடுத்த வாரம் தருகிறேன்" என்று அனுப்பிய செய்திகள் இருந்தால் அவற்றையும் அழித்துவிடாமல் வைத்திருக்க வேண்டும்.